பதினேழு வட்டங்களைக் கண்டவர்

எக்ஸ்ரே படத்தில் எலும்பைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நுரையீரலைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை விழுங்கிய தோட்டைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் சாதாரண மனிதர்கள். இவர்களால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் எக்ஸ்ரே படத்தில் படத்தை மட்டுமே பார்க்கிற ஒரு வகை மனிதர் உண்டு. அவரை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருடைய தொழில் படத்தரப் பரிசோதனை. டிஜிட்டல் எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிற மருத்துவமனைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து, கருவி எடுக்கும் படம் படமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். தேவையான வேலைதான். ஃபிலிம் இருந்த காலத்தில் படம் கெட்டால் கறுப்பாகக் கெடும், அல்லது வெளுப்பாகக் கெடும். வாசலில் நிற்கிறவருக்கும் தெரிந்துவிடும். டிஜிட்டல் கருவி அப்படிப் பகிரங்கமாகக் கெடாது. கதிரை வாங்கிப் படமாக்குகிற பேனல் வயதாகித் தளர்ந்துபோனாலும், கம்ப்யூட்டர் அதற்குப் பவுடர் பூசித் தலைவாரித் திரைக்கு அனுப்பிவிடும். படம் லட்சணமாக இருக்கும். நுணுக்கமான விஷயம் மட்டும் அதிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைத் தட்டு இருக்கிறது. அதில் மொத்தம் பதினேழு வட்டங்கள். முதல் வட்டம் படத்தில் பளிச்சென்று விழும். அடுத்தது கொஞ்சம் மங்கல். அதற்கடுத்தது இன்னும் மங்கல். இப்படியே போய், பதினேழாவது வட்டம் இருப்பது தட்டைச் செய்தவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்கிற நிலைக்கு வந்துவிடும். மேல்பாதியில் உள்ள ஒன்பது வட்டங்கள் தட்டிலேயே பதிந்தவை. மங்கலான மீதி எட்டும் ஒரு மெல்லிய தகட்டில் தனியாக இருக்கும். அதைக் கீழ்ப்பாதியில் செருகிக்கொள்ள வேண்டும். தட்டை எக்ஸ்ரே எடுத்து, எத்தனை வட்டம் தெரிகிறது என்று எண்ண வேண்டும். பதின்மூன்றுக்குக் குறைந்தால் பேனல் தேறவில்லை. இதில் விஞ்ஞானம் அவ்வளவுதான். மீதியெல்லாம் சடங்கு.

நம்மவர் இருபத்திரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருடமும் பதினேழு. புதுக் கருவியா? பதினேழு. பழைய கருவியா? பதினேழு. மழையில் நனைந்து, காயவைத்து, டேப் ஒட்டி மாட்டிய கருவியா? சற்று யோசித்துவிட்டு, பதினேழு. ஆகவே மருத்துவமனைகளில் அவருக்குப் பெயரே 'பதினேழு' என்று ஆகிவிட்டது. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகு திரும்பியதும் பதினேழு.

அவரைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். நீலப் பட்டுத் துணி விரித்த ஒரு பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வருவார். வழியில் யாராவது வாங்கிக்கொள்ள வந்தால், பச்சைக் குழந்தையைத் தெரியாதவரிடம் கொடுக்க மறுக்கும் தாயைப் போல ஒரு அடி பின்வாங்குவார். உள்ளே வந்ததும் நாற்காலியின் உயரத்தை அளப்பார். திரைக்கும் தன் மூக்குக்கும் உள்ள தூரத்தை அளப்பார். ஜன்னல் திரைச்சீலையில் ஒரு பொத்தல் இருந்தால் அதையும் அளந்து எழுதிக்கொள்வார். பிறகு தட்டை மேஜைமேல் வைத்து, ரசமட்டம் பார்த்து, ஊதி, துடைத்து, மறுபடி ரசமட்டம் பார்த்து, "எடுங்க" என்பார். பிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் இருட்டில் உட்காருவார். கண் பழக வேண்டுமாம். கண் பழகுகிற அந்தப் பத்து நிமிடமும் வாய் சும்மா இருக்காது. எந்த மருத்துவமனையில் எந்தப் பெரிய டாக்டருக்குப் பன்னிரண்டுக்கு மேல் தெரியவில்லை, இவர் எப்படி மீதி ஐந்தையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார், அந்த டாக்டர் எப்படிக் கண்கலங்கினார் என்கிற வரலாறுகள் இருட்டில் ஓடும்.

நோயாளிகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மூச்சு விடுகிறார்கள். அசைகிறார்கள். ஆளுக்கொரு பருமனில் இருக்கிறார்கள். "நோயாளின்னு ஒருத்தர் இல்லைன்னா இந்தக் கருவியில எவ்வளவு நல்ல படம் எடுக்கலாம் தெரியுமா?" என்று ஒரு கருத்தரங்கில் கேட்டிருக்கிறார். கேள்விக்குக் கைதட்டல் கிடைத்தது.

வீட்டில் மட்டும் வேறு மாதிரி இருப்பாரா? மச்சினன் தன் புதுக்குழந்தையின் படத்தைக் கொண்டுவந்து காட்டி, "மாமா, யார் ஜாடைன்னு சொல்லுங்க" என்று ஆசையாகக் கேட்டான். நம்மவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"ஜாடை சொல்ற அளவுக்கு இதுல தகவல் இல்லப்பா. ஓரமெல்லாம் மங்கல். இடது மூலையில புள்ளிப் புள்ளியா இருக்கு பாரு."

"அது கொசுவலை மாமா."

"எதுவா இருந்தா என்ன? படத்துல அது குறைதான்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இவர்கிட்ட போய்க் காட்டினியே, உன்னைச் சொல்லணும். எங்க கல்யாண ஆல்பத்துக்கே மார்க் போட்டு வெச்சிருக்காரு. எனக்கு அதுல நூத்துக்கு நாப்பத்தொண்ணு" என்றார்.

போகட்டும். வீட்டில் மார்க் போடுவதால் யாருக்கும் கை போகாது. மருத்துவமனையில் போட்டால் போகும். ஒரு தச்சருக்குப் போகவிருந்தது.

அந்தத் தச்சர் ஏணியிலிருந்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியது. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, முந்திரிப்பருப்பு மாதிரி; அதில்தான் வலி. மூன்று வாரத்தில் மூன்று படம் எடுத்தாகிவிட்டது. மூன்றிலும் ஒன்றுமில்லை. எலும்பு டாக்டர் கையைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை விட்டுப் பல காலம் ஆயிற்று; படத்தைப் பார்த்து, "எலும்பு முறிவு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பரிசோதனை நடக்கவிருந்த வெள்ளிக்கிழமை காலையில், கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கையை வைத்துக்கொண்டு தச்சர் நான்காவது முறையாக எக்ஸ்ரே அறை வாசலில் வந்து உட்கார்ந்தார். எக்ஸ்ரே எடுக்கிற டெக்னீசியன் பெண் வெளியே வந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் எதுக்கு வலிக்குது? எனக்கு வலிக்கிறது படத்துக்குத் தெரியாதா?"

"படத்து மேலதாண்ணே எனக்குச் சந்தேகம். ஆறு மாசமா இந்தப் பேனல் சரியில்ல. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"மேஸ்திரி நம்ப மாட்டேங்கிறாரு. ஒண்ணுமில்லன்னு டாக்டரே எழுதினப்புறம் என்னய்யா நடிப்பு, திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளு போட்டுக்கறேன்னுட்டாரு. இழைப்புளி பிடிக்க ரெண்டு கையும் வேணும். போய் இழைக்கட்டுமா வேணாமா? அதை மட்டும் சொல்லு."

"உள்ள விரிசல் இருந்து, அதோட இழைச்சீங்கன்னா, அந்த எலும்பு செத்துப்போயிடும். அப்புறம் டம்ளர்கூடப் பிடிக்க முடியாது."

"விரிசல் இல்லாட்டி?"

"தாராளமா இழைக்கலாம்."

"இருக்கா, இல்லையா?"

அதுதான் கேள்வி. நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே நல்ல கருவி இருக்கிறது. ஆனால் இங்கே எடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்றால் நோயாளிக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாதவரை எங்கேயும் அனுப்ப முடியாது, இது விதி. கருவியில் கோளாறு என்று காகிதத்தில் ஏறினால் மட்டுமே அனுப்பலாம். அதைக் காகிதத்தில் ஏற்றுகிற அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

"பத்து மணிக்கு ஒருத்தர் வராரு. அவர் எழுதினா உடனே அனுப்பிடலாம்" என்றாள் அவள்.

"எழுதுவாரா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருட வரலாற்றை வாசலில் வைத்துச் சொல்ல முடியுமா?

பத்து மணிக்குப் பதினேழு வந்தார். பெட்டி வந்தது. தலைமை மருத்துவர் எழுந்துவந்து வரவேற்றார். அவருக்குப் பின்னால் ஓர் இளம் டாக்டர். அவருக்குப் பின்னால், தரையைத் துடைத்துக்கொண்டிருந்ததால் வெளியே போக வழியில்லாமல், துப்புரவுப் பணி செய்யும் அம்மா. நாற்காலியின் உயரம் அளக்கப்பட்டது. மூக்கின் தூரம் அளக்கப்பட்டது. அன்றைக்கு நம்மவர் உற்சாகத்தின் உச்சத்தில் இருந்தார். கண்கலங்கிய டாக்டரின் கதையை இருட்டு வரும்வரை காத்திருக்கப் பொறுக்காமல், தட்டை வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். கதை சொல்லிக்கொண்டே ரசமட்டம் பார்த்தார். கதை சொல்லிக்கொண்டே ஊதினார். கதை சொல்லிக்கொண்டே "எடுங்க" என்றார். டெக்னீசியன் பெண் பட்டனை அழுத்தினாள். எல்லோரும் அடுத்த அறையில் திரைக்கு முன்னால் கூடினார்கள். விளக்குகள் அணைந்தன.

"அம்மா, பெட்டியில டேப் இருக்கும், எடுத்துட்டு வா. இன்னொரு தடவை தூரம் பார்த்துடலாம்" என்றார் நம்மவர், டெக்னீசியன் பெண்ணிடம்.

அவள் எக்ஸ்ரே அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். டேப் இருந்தது. பக்கத்தில், நீலப் பட்டுத் துணியின் மேல், எட்டு வட்டங்கள் கொண்ட மெல்லிய தகடும் இருந்தது. தட்டில் செருகப்படாமல், சுகமாகப் படுத்திருந்தது.

அவள் திரும்பி வந்து, "சார், அந்தத் தகடு…" என்று ஆரம்பித்தாள்.

"உஷ்! கண்ணு பழகிட்டிருக்கு."

"இல்ல சார், ஒரு நிமிஷம்…"

"பத்து நிமிஷம்மா. ஒரு நிமிஷத்துல பழகறதுக்கு இது என்ன உன் கண்ணா? என் கண்ணு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வந்ததைச் சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இனி நடப்பதைப் பார்க்கலாம் என்று ஓரமாக நின்றாள்.

பத்து நிமிடம் முடிந்தது. திரை ஒளிர்ந்தது. நம்மவர் முன்னால் சாய்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை கடகடவென்று வந்தது. ஒன்பதுக்குப் பிறகு குரல் தாழ்ந்தது. தலை லேசாக ஒரு பக்கம் சரிந்தது.

"பத்து… இருக்கு. பதினொண்ணு… நல்லாவே இருக்கு. பன்னெண்டு… வா, வா… ம், வந்துட்டான். பதிமூணு. பதினாலு கொஞ்சம் வெட்கப்படறான். பதினஞ்சு. பதினாறு…"

அவர் மூக்கு திரையைத் தொடப்போயிற்று.

"பதினேழு! அதோ, மெல்ல எட்டிப் பாக்குது பாருங்க டாக்டர்."

தலைமை மருத்துவர் குனிந்து பார்த்தார். பண்பாளர். பரிசோதகருக்குத் தெரிகிற அத்தனையும் தனக்கும் தெரிவதாகச் சொல்வது மரியாதையில்லை என்று அறிந்தவர். "எனக்குப் பதினாறு தெரியுது" என்றார். இளம் டாக்டர் தலைமை மருத்துவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு திரையைப் பார்த்து, "பதினஞ்சு சார்" என்றார். பார்வை இப்படிப் பதவி வாரியாக இறங்கிக்கொண்டிருந்தபோது, மாப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற துப்புரவு அம்மா, யாரும் கேட்காமலேயே, "ஏழு" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னம்மா ஏழு?"

"வட்டம்தானே எண்ணுறீங்க? ஏழு இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணும் காணோமே. வெறும் சாம்பலா இருக்கு."

நம்மவர் புன்னகைத்தார். ஏழைகள் மேல் அவருக்குக் கோபம் வராது. "இதுக்கெல்லாம் பழகின கண்ணு வேணும்மா."

"பழகாத கண்ணுக்குத்தான் சார் தரையில அழுக்கு தெரியுது" என்றார் அந்த அம்மா. "இங்கேயே இருக்கிறவங்க யாருக்கும் தெரியறதில்ல."

டெக்னீசியன் பெண் முன்னால் வந்தாள். "சார், அந்தப் பன்னெண்டாவது எங்க இருக்குன்னு எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

நம்மவர் பேனா முனையால் காட்டினார். "இதோ."

"பதினாலு?"

"இதோ."

"பதினேழு?"

"இதோ. தெரியலையா?"

"தெரியல சார். அந்த எட்டும் பெட்டியில இருக்கு."

அவள் விளக்கைப் போட்டாள். பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் திறந்துவைத்தாள். நீலப் பட்டின்மேல் தகடு பளபளத்தது. அதில் எட்டு வட்டங்கள். இந்த முறை பதவி வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்தன.

அடுத்த சில நொடிகளில் அந்த அறையில் நடந்ததை வரலாற்று ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் பேசியவர் தலைமை மருத்துவர்: "நான் பதினாறுதானே சொன்னேன்?" இளம் டாக்டர், தன் குற்றம் இன்னும் ஒன்று குறைவு என்பதை நினைவூட்டும் விதமாக, "நான் பதினஞ்சு" என்றார். அடுத்து நம்மவர் முறை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையைத் துடைத்தார். மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில், "வழக்கமா போட்டுடுவேனே" என்றார்.

"அதனாலதான் சார் வழக்கமா தெரியுது" என்றாள் அவள். குரலில் கேலி இல்லை. வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேலி செய்ய அவளுக்கு நேரமில்லை. "நான் இப்ப ரெண்டு படம் எடுக்கறேன். ஒண்ணு தகட்டோட, ஒண்ணு தகடு இல்லாம. எது எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா பேனல் நல்லா இருக்குன்னு நானே ஒத்துக்கறேன்."

இரண்டு படங்கள் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நம்மவர் முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கண் பழகட்டும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்தார். இந்த முறை கதை எதுவும் சொல்லவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியவில்லை. ஆகவே முதல் தடவையாக, அவர் பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, மெதுவாக, "ரெண்டுலயும் ஏழுதான்."

துப்புரவு அம்மா மாப்பை வாளியில் நனைத்துப் பிழிந்தார்.

நம்மவர் பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்தார். அதில் மருத்துவமனையின் பெயர், தேதி, கருவியின் எண், 'தெரிந்த வட்டங்கள்: 17' என்பது வரை எல்லாம் நல்ல மையில், நல்ல கையெழுத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவருவது அவர் வழக்கம். மேஜை வசதியாக இருக்குமாம். பதினேழை அடித்து ஏழு என்று திருத்தினார். 'பேனல் தேறவில்லை, நோயாளிகளை வேறிடம் அனுப்பவும்' என்று எழுதினார். பேனாவை மூடப்போனவர், மறுபடி திறந்து, குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்த்தார்: 'இக்குறைபாடு பரிசோதகரின் கூர்ந்த அவதானத்தால் கண்டறியப்பட்டது.'

டெக்னீசியன் பெண் அதைப் படித்தாள். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இருந்தது. தாளின் நகலோடு வாசலுக்கு ஓடினாள்.

தச்சர் அன்று மதியமே பெரிய மருத்துவமனைக்குப் போனார். அங்கே எடுத்த படத்தில், அந்த முந்திரிப்பருப்பின் இடுப்பில், மயிரிழை போல ஒரு விரிசல். நல்ல வேளை, எலும்பு இன்னும் சாகவில்லை. எட்டு வாரம் மாவுக்கட்டு, எட்டு வாரம் ஓய்வு என்று சான்றிதழும் கிடைத்தது. திங்கட்கிழமை அவர் படத்தையும் சான்றிதழையும் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டினார். மேஸ்திரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி, "ஆமாமா, பெரிய விரிசலா இருக்கே! நல்லாத் தெரியுதே! பாவம்யா நீ" என்றாராம். படத்தை அவர் தலைகீழாகப் பிடித்திருந்ததைத் தச்சர் சொல்லவில்லை. வேலை முக்கியம்.

நம்மவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவர் பொய்யர் அல்லர். அன்றைக்கு அவர் அந்தப் பன்னிரண்டாவது வட்டத்தை உண்மையாகவே பார்த்தார். பதினான்காவது வெட்கப்பட்டதையும் பார்த்தார். இருக்கும் என்று தெரிந்த இடத்தில் இருப்பதைப் பார்க்க எந்தக் கண்ணும் தேவையில்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. இப்படிப்பட்டவர்கள் எக்ஸ்ரே அறையில் மட்டும் இருப்பதாக நீங்கள் நினைத்து நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கக்கூடும். இருக்கட்டும். புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு விஷயம்.

அந்தத் தச்சர், துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாரே, உங்கள் மனக்கண்ணில் நன்றாகத் தெரிகிறார் அல்லவா? எந்தக் கை?

வலதா? நிச்சயமாகவா? இடது என்று அடித்துச் சொல்கிறவர்களும் சிலர் இருப்பீர்கள்.

நான் எங்கேயும் சொல்லவில்லையே!